வீட்டை நடத்தத் தெரிந்தவர்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து வெளியே வருகையில், எங்கள் பங்குக் கோவிலின் அறிவிப்புப் பலகையைச் சுற்றிச் சிறு கூட்டம் நின்றிருந்தது. பங்குப் பேரவைக்குப் புதிய உறுப்பினர் தேவை என்றும், தகுதியுடையோரின் பெயர்களை மக்கள் எழுதித் தரலாம் என்றும் பங்குத் தந்தை எழுதி ஒட்டியிருந்தார். கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் என்னை நோக்கி, "ஐயா, தகுதியுடையோர் என்று போட்டிருக்கிறதே, என்ன தகுதி என்று போடவில்லையே? படிப்பா, வயதா, வருமானமா?" என்று வினவினான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கோ அவ்வினா வீடு வரையில் கூடவே வந்தது.

அதற்கு விடை எழுதி வைத்திருப்பவர் புனித சின்னப்பர். (இன்றைய பிள்ளைகள் பவுல் என்று படிக்கும் திருத்தூதர்தாம், எம்மைப் போன்ற பழையவர்களுக்கு அவர் என்றும் சின்னப்பரே.) திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் மூன்றாம் அதிகாரத்திலும், தீத்துவுக்கு எழுதிய மடலின் முதல் அதிகாரத்திலும், திருச்சபையில் பொறுப்பேற்போர் எத்தகையோராய் இருத்தல் வேண்டும் என்பதை அவர் வரிசைப்படுத்திக் கூறுகிறார். இம்மடல்களை அவருடைய கருத்தைத் தாங்கிச் சீடர் ஒருவர் பின்னர் எழுதியிருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞரும் உளர். எழுதிய கை எதுவாயினும், தொடக்கத் திருச்சபை தன் தலைவர்களிடம் எதை எதிர்பார்த்தது என்பதற்கு இவை தெளிவான சான்றுகள். கிரேக்கத்தில் 'எபிஸ்கோப்போஸ்' என்றால் மேற்பார்வையிடுபவர். 'பிரெஸ்பித்தெரோஸ்' என்றால் மூப்பர். 'தியாக்கோனோஸ்' என்றால் பணிவிடை செய்பவர். ஆயர், குரு, தியாக்கோன் என்று இன்று நாம் பிரித்தறியும் நிலைகள் அன்று இவ்வளவு கோடு கிழித்துப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. தீத்துவுக்கு எழுதுகையில் மூப்பரைப் பற்றித் தொடங்கி, அதே மூச்சில் மேற்பார்வையாளர் என்று தொடர்கிறார்.

திமோத்தேயு இருந்த இடம் எபேசு மாநகர். அர்த்தமி தேவதையின் பெருங்கோவிலும், அதனை நம்பிப் பிழைத்த வெள்ளித் தட்டார்களும், துறைமுகத்தில் வந்திறங்கும் வணிகரும் நிறைந்த ஊர். தங்கள் தொழிலுக்கு ஊறு நேருமே என்று தெமேத்திரியு என்னும் தட்டான் சின்னப்பருக்கு எதிராக ஊரையே திரட்டிய கலகத்தை அப்போஸ்தலர் பணி நூலின் 19-ஆம் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். நாவன்மைக்கும் செல்வாக்குக்கும் பேர்போன அத்தகைய ஊரில் கிறிஸ்தவக் கூட்டத்தை நடத்துவதற்கு எத்தகைய ஆளைத் தேடுமாறு சின்னப்பர் சொல்கிறார்?

குறை சொல்ல இடமில்லாதவர், ஒரே மனைவியை உடையவர், நிதானம், தன்னடக்கம், ஒழுங்கு உள்ளவர், விருந்தோம்புபவர், கற்பிக்கும் திறனுடையவர், குடிப்பழக்கத்திற்கு ஆளாகாதவர், கைநீட்டி அடிக்காதவர், கனிவுள்ளவர், சச்சரவை விரும்பாதவர், பண ஆசை அற்றவர், தம் வீட்டை நன்கு நடத்துபவர், புதிதாய் மனந்திரும்பியவர் அல்லாதவர், வெளியாரிடமும் நற்பெயர் பெற்றவர். எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 15 பண்புகள். இவற்றுள் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, கற்பிக்கும் ஆற்றல். மற்றவையெல்லாம் அவர் தம் மனைவியோடும் மக்களோடும், வேலைக்காரரோடும், கடன் கொடுத்தவரோடும், கதவைத் தட்டிய வழிப்போக்கரோடும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றியவை. எத்தனை மணி நேரம் செபிக்கிறார், காட்சிகள் கண்டாரா, பேய்களை விரட்டினாரா என்று ஒரு சொல்லும் இல்லை!

இங்கே ஓர் ஒப்புமையைச் சொல்ல விரும்புகிறேன். அதே முதல் நூற்றாண்டில் ஓனசாந்தர் என்னும் கிரேக்க அறிஞர் ஒருவர், படைத் தளபதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தளபதியானவர் தன்னடக்கமும் நிதானமும் உடையவராய், பண ஆசை அற்றவராய், பேச்சுத் திறன் உள்ளவராய், நற்பெயர் பெற்றவராய், கூடுமானால் பிள்ளைகளுக்குத் தந்தையாய் இருத்தல் வேண்டும் என்று அவர் கூறுகிறார். நம் மடலிலுள்ள பட்டியலோடு இது பெரிதும் ஒத்திருப்பதை விவிலிய அறிஞர்கள் நெடுநாளாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர். இதனால் மடலின் பெருமை குறைந்துவிடாது. ஊரார் எவரும் 'இவர் நல்ல மனிதர்' என்று ஒப்புக்கொள்ளும் பண்புகளையே திருச்சபையும் முதலில் கேட்டது என்பதே இதனால் விளங்குகிறது. ஞானஸ்நானம் பெற்றதால் நாணயம் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

ஆயினும் ஓனசாந்தரின் பட்டியலில் இல்லாத ஒன்று சின்னப்பரின் பட்டியலில் உண்டு. அது விருந்தோம்பல். மூலத்திலுள்ள சொல்லுக்கு 'அந்நியரை நேசிப்பவர்' என்பது பொருள். உற்றார் உறவினருக்கு இலை போடுவதை அச்சொல் குறிக்கவில்லை. கோவில் என்று தனிக் கட்டடம் இல்லாத அக்காலத்தில், நம்பிக்கையாளர் கூடியது ஒருவருடைய வீட்டில். ஊர் ஊராய்ச் சென்ற போதகருக்கும், வேதகலாபனைக்கு அஞ்சி ஓடி வந்தோருக்கும் அந்த வீட்டுக் கதவு திறக்க வேண்டியிருந்தது. திறக்க மறுத்த ஒருவரின் பெயரும் புதிய ஏற்பாட்டில் பதிவாகியிருக்கிறது. புனித அருளப்பரின் மூன்றாம் மடல் மிகச் சிறியது. பலர் அதைப் புரட்டிக் கடந்துவிடுவர். அதில் தியோத்திரேப்பு என்னும் ஒருவர் வருகிறார். அவர் தவறான கொள்கையைப் போதித்ததாக அம்மடல் குற்றம் சாட்டவில்லை. அவர் முதலிடத்தை விரும்பினார். வந்த சகோதரரை ஏற்க மறுத்தார். ஏற்க விரும்பினோரையும் தடுத்துச் சபையிலிருந்து வெளியேற்றினார். முதலிடத்தின்மீது ஆசையும் மூடிய கதவும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததைப் பாருங்கள். நம் பங்குகளிலும் மேடை நாற்காலிக்கு முந்துகிறவர் எவர், விழா முடிந்தபின் வெளியூராருக்குச் சோறு கிடைத்ததா என்று பந்திக்குள் சென்று பார்க்கிறவர் எவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, இப்பட்டியலின் நடுநாயகமாக நான் கருதுவதற்கு வருகிறேன். தம் சொந்த வீட்டை நடத்தத் தெரியாத ஒருவர் இறைவனின் சபையை எவ்வாறு கவனிப்பார் என்று சின்னப்பர் ஒரு கேள்வி கேட்கிறார். வீட்டை 'நடத்துவது' என்ற இடத்தில் மூலத்தில் வரும் சொல்லுக்கு 'முன்னால் நிற்பது' என்று பொருள். தலைமை தாங்குவதற்கும் அது பொருந்தும். காப்பாற்றும் பொருட்டு முன்னே வந்து நிற்பதற்கும் பொருந்தும். ஆனால் சபையைப் பற்றிச் சொல்லும்போது அவர் அச்சொல்லை மாற்றிவிடுகிறார். 'எபிமெலேயோமாய்' என்று வேறொரு வினைச்சொல்லை இடுகிறார். கவனித்துக்கொள்வது, பேணுவது என்பது அதன் பொருள்.

இந்த வினைச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது. அந்த இடம் எது தெரியுமா? லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம், நல்ல சமாரியனின் உவமை. கள்வரிடம் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் சத்திரத்திற்குக் கொண்டுபோய்ப் பேணினான் என்னும் இடத்தில் ஒருமுறை. மறுநாள் இரண்டு தெனாரியங்களைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, இவனைப் பேணு, மேற்செலவை நான் திரும்புகையில் தருகிறேன் என்னும் இடத்தில் மற்றொருமுறை. சபைத் தலைவர் செய்ய வேண்டியதாகச் சின்னப்பர் கூறுவது அதே செயலைத்தான். காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு, செலவை ஏற்று, மறுநாளும் விசாரிப்பது! அதிகாரம் என்னும் சொல் அங்கே வரவில்லை.

வீட்டில் இதற்குப் பயிற்சி உண்டு. நள்ளிரவில் காய்ச்சலில் புலம்பும் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிறவர் அதற்காக எவரிடமும் பாராட்டை எதிர்பார்ப்பதில்லை. படுக்கையில் விழுந்த மாமியாருக்கு மூன்று ஆண்டுகள் பணிவிடை செய்த மருமகளுக்கு எந்தப் பேரவையும் பொன்னாடை போர்த்தியதில்லை. ஆயினும் சபையைப் பேணும் கலையைக் கற்றுத் தரும் பள்ளி இதுவே. பிள்ளைகள் கீழ்ப்படிதலும் கண்ணியமும் உடையவராய் வளர வேண்டும் என்ற வரியை, வீட்டிலுள்ளோர் தந்தையைக் கண்டு நடுங்க வேண்டும் என்று பொருள் கொள்வோர் உண்டு. நடுங்க வைப்பது எளிது. பிள்ளை தான் செய்த தவற்றைத் தானே வந்து தந்தையிடம் சொல்லும் வீடு நன்றாய் நடத்தப்பட்ட வீடு என்பது நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற இவ்வாசிரியனின் எண்ணம்.

'மணமாகாத நம் குருக்களுக்கு இது எவ்வாறு பொருந்தும்?' என்று கேட்பீர்கள். சின்னப்பர் காலத்துத் தலைவர்கள் பெரும்பாலும் குடும்பத்தவர். கீழைத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் மணமானவர்கள் குருக்களாக உள்ளனர். நம் இலத்தீன் திருச்சபையிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நிரந்தரத் தியாக்கோன் நிலையை மீண்டும் ஏற்படுத்தியபின், மணமானவர்கள் 35 வயது நிறைந்து, மனைவியின் இசைவும் பெற்றால் அப்பட்டத்தைப் பெறலாம். மனைவியின் இசைவைத் திருச்சபைச் சட்டமே கேட்கிறது. அவ்வம்மையாரே முதற் சாட்சி போலும். மணத்துறவு பூண்ட குருவுக்கும் ஒரு வீடு இல்லாமற் போகவில்லை. பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாள், கோயில்பிள்ளை, வண்டி ஓட்டுபவர், விடியற்காலையில் அவஸ்தைப்பூசுதல் கேட்டுக் கதவைத் தட்டும் ஏழை, இவர்களே அவருடைய வீட்டார். ஒரு குருவைப் பற்றி அறிய வேண்டுமானால் அவருடைய மறையுரையைக் கேட்டுவிட்டு, பின்பக்கம் சென்று சமையற்கட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கைநீட்டி அடிக்கலாகாது என்ற தகுதியைப் படித்து நம்மில் சிலர் புன்னகைக்கலாம். ஞானோபதேச வகுப்பில் மந்திரம் மறந்ததற்காக நாங்கள் வாங்கிய பிரம்படிகள் எம் தலைமுறையினருக்கு நினைவிருக்கும். ஆனால் திருச்சபை இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டின் 'அப்போஸ்தலர் சட்டங்கள்' என்னும் தொகுப்பில், பாவம் செய்த விசுவாசியையோ தீங்கிழைத்த அவிசுவாசியையோ அடிக்கும் ஆயரும் குருவும் தியாக்கோனும் பதவி நீக்கம் செய்யப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் ஆண்டவர் அடிபட்டபோது திருப்பி அடிக்கவில்லையே என்பது அச்சட்டம் காட்டும் காரணம். மதுவைப் பற்றிய சொல்லோ, கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் என்னும் படத்தைத் தருகிறது. வயிற்று நோய்க்காகச் சிறிது திராட்சை இரசம் அருந்துமாறு அதே மடலில் திமோத்தேயுவுக்கு அன்போடு ஆலோசனை கூறுபவரும் சின்னப்பரே. ஆகவே அவரை வறட்டுக் கண்டிப்புக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம்.

பண ஆசையைப் பற்றி அவர் சொன்னதற்கு அவர் வாழ்வே உரை. எருசலேம் செல்லும் வழியில், எபேசு நகரின் மூப்பர்களை மிலேத்து துறைமுகத்திற்கு வரவழைத்து, இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று கூறி விடைபெற்றார். அந்த உருக்கமான வேளையில் அவர் தம்மைப் பற்றி நினைவூட்டியவற்றுள் ஒன்று, தாம் எவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் உடைக்கும் ஆசைப்பட்டதில்லை, தம் தேவைக்கும் உடனிருந்தோர் தேவைக்கும் தம் கைகளே உழைத்தன என்பது. கூடாரம் செய்து காய்ப்பேறிய கைகளை அவர்கள் கண்டிருப்பார்கள். புனித இராயப்பரும் தம் முதல் மடலில் மூப்பர்களுக்கு இதையே அறிவுறுத்தி, மந்தையின்மீது ஆதிக்கம் செலுத்தாமல் முன்மாதிரியாய் இருக்கச் சொல்கிறார்.

'புதிதாய் மனந்திரும்பியவர் வேண்டாம்' என்பதற்கு மூலத்திலுள்ள சொல் 'புதிதாய் நடப்பட்டது' என்னும் பொருளுடையது. நாற்று நட்ட மறுநாளே வயலில் கதிர் தேடுவோர் உண்டோ? வேர் பிடிக்குமுன் உயர்த்தினால் தலைக்கனம் சாய்த்துவிடும் என்பது அவர் அச்சம். இதில் ஒரு நுட்பம் உண்டு. தீத்துவுக்கு எழுதிய பட்டியலில் இந்த நிபந்தனை இல்லை. கிரேத்துத் தீவில் சபைகள் அப்போதுதான் முளைத்திருந்தன. பழையவர் என்று சொல்ல அங்கே ஆள் ஏது? ஆதலால் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் ஒன்றுபோல் திணிப்பதும் விவிலிய வழியன்று. மிலான் நகரில் 374-ஆம் ஆண்டு நடந்ததையும் நினைவுகூரலாம். ஆயர் இறந்து, அடுத்தவர் யார் என்று மக்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து நின்றபோது, அமைதி காக்க வந்த மாநில ஆளுநர் அம்புரோசியாரையே ஆயராக வேண்டும் என்று கூட்டம் முழங்கியது. அவரோ இன்னும் ஞானஸ்நானமே பெறாதவர்! தப்பிக்க முயன்றும் முடியாமல், ஏறக்குறைய ஒரு வாரத்திற்குள் ஞானஸ்நானமும் ஆயர் பட்டமும் பெற்றார். தாம் கற்பதற்குமுன் கற்பிக்க நேர்ந்ததே என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். சிம்பிளிசியானு என்னும் முதிய குருவிடம் பாடம் கேட்டார். தம் பொருளை ஏழைகளுக்கும் திருச்சபைக்கும் கொடுத்தார். புதிய செடிதான், ஆனால் தாம் புதிய செடி என்பதை அறிந்திருந்த செடி.

கடைசித் தகுதிக்கு வரும்போது எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் அது என்னையே குற்றம் சாட்டுவது. வெளியாரிடமும், அதாவது கிறிஸ்தவர் அல்லாதாரிடமும், அவர் நற்சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்கிறார் சின்னப்பர்.

பல ஆண்டுகளுக்குமுன் எங்கள் பங்கில் திருவிழாக் குழுவுக்குப் பொருளாளர் தேவைப்பட்டார். ஒருவரின் பெயரை நான் முன்மொழிந்தேன். அவருக்குச் செபமாலை சொல்லும் குரல் கணீரென்று இருக்கும். நன்கொடை கேட்கச் சென்றால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். அவர் தம் வீட்டில் எவரோடும் ஒத்துப்போகாதவர் என்பது எனக்கு அரைகுறையாய்த் தெரியும். அது அவருடைய சொந்த விஷயம் என்று எண்ணிக்கொண்டேன். பங்குத் தந்தை என்னைத் தனியே அழைத்து, "ஆசிரியரே, இவரை உமக்கு நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார். "மிக நல்லவர் சாமி" என்று சொல்லிவிட்டேன். ஈராண்டுகள் திருவிழாக் கணக்கு வரவில்லை. கேட்டவர்கள் பகைவரானார்கள், ஊர் இரண்டு பட்டது, ஒரே பாதுகாவலருக்கு இரு தரப்பினரும் தனித்தனியே சப்பரம் எடுக்க முனைந்த வெட்கக்கேட்டையும் கண்டோம். அந்நாட்களில் ஒரு மாலை, கோவிலுக்கு எதிரேயுள்ள மளிகைக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் இந்து சமயத்தவர். எங்கள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் எண்ணெய் தருபவர். அவர் தயக்கத்தோடு, "ஐயா, அவர் எனக்கு ரெண்டு வருசப் பாக்கி. கேட்டால் ஏசுவார். உங்கள் கோயில் காரியம், நான் எப்படி வாய் திறப்பது? யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார். எங்கள் கோவில் வாயிலுக்கு இருபதடி தூரத்தில் இருந்தது அச்சாட்சியம். அதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. சின்னப்பரின் மடலை எத்தனையோ முறை பூசையில் உரக்க வாசித்த எனக்கும் தோன்றவில்லை.

ஆள் எத்தகையவர் என்பதை அருகில் வாழ்வோரே அறிவர் என்பது திருச்சபையின் பழைய நம்பிக்கை. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை நேர்ந்தபோது, பன்னிருவர் தாமே ஆள் பொறுக்கவில்லை. நற்சான்று பெற்று, ஆவியும் ஞானமும் நிறைந்த எழுவரைப் பார்த்தெடுக்குமாறு மக்களிடம் விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பினரிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் போலும்!

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தாகு நகர ஆயராயிருந்து, 258-இல் வேதசாட்சியான புனித சிப்பிரியானின் மடல்களுள் ஒன்று இதைப் பற்றியது. ஸ்பானிய நாட்டில் பசிலிதெசு, மார்சியாலிசு என்னும் இரு ஆயர்கள், தெசியு மன்னனின் கலாபனையின்போது சிலை வழிபாடு செய்ததாகச் சான்றிதழ் பெற்று உயிர் பிழைத்தவர்கள். மக்கள் அவர்களை நீக்கி வேறிருவரை ஏற்றனர். பசிலிதெசு விடவில்லை, உரோமைக்குப் பயணமாகி, நடந்ததை மறைத்துத் திருத்தந்தை ஸ்தேவானின் ஆதரவைப் பெற்றுவந்தார். குழம்பிய மக்கள் ஆப்பிரிக்க ஆயர்களிடம் முறையிட்டனர். சிப்பிரியானும் உடன் ஆயர்களும் மக்களின் பக்கமே தீர்ப்புரைத்தனர். திருத்தந்தை தொலைவில் இருந்தவர், உண்மை அறியாதவர், குற்றம் ஏமாற்றியவனுடையதே என்றனர். ஆயரைத் தேர்வது மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் முழுமையாய் அறிந்தவர்கள் அவர்களே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இப்பழைய வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. குருப்பட்டத் திருச்சடங்கில், இவர்கள் தகுதியுடையோர் என்று அறிவீரா என ஆயர் வினவ, கிறிஸ்தவ மக்களிடையே விசாரித்து அறிந்தே சாட்சியம் கூறுவதாகப் பொறுப்பாளர் விடையளிக்கக் கேட்டிருப்பீர்கள். திருமணத்திற்கு ஓலை வாசிப்பதுபோல், பட்டம் பெறுவோரின் பெயர்களையும் பங்குகளில் அறிவிக்கும் வழக்கம் உண்டு. பட்டத்திற்குத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்த விசுவாசிகள் அதை ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ முன்கூட்டியே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1043-ஆம் எண்ணில் கூறுகிறது. கடமைப்பட்டவர்கள் என்பதே அதன் சொல். நாமோ, 'சாமியாராகப் போகிற பிள்ளையைப் பற்றி வாய் திறந்தால் பாவம்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிச் சொல்வது, பொறாமைக்காரருக்கு மொட்டைக் கடிதம் எழுத வழி திறந்துவிடுவதாகாதா? அந்த ஆபத்தைச் சின்னப்பரும் அறிந்திருந்தார். இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இன்றி மூப்பர்மீது குற்றச்சாட்டை ஏற்கலாகாது என்று அதே மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் காவல் வைக்கிறார். அடுத்த வரியிலேயே, பாவத்தில் நிலைத்திருப்போரை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கவும் சொல்கிறார். அவதூறுக்கும் இடமில்லை; மூடி மறைப்பதற்கும் இடமில்லை. மூடி மறைத்ததனால் சிறுவர் சிறுமியர் எத்தகைய கொடுமைக்கு ஆளாயினர் என்பதை உலகம் அறியும். அதன் விளைவாகவே மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் புதிய விதிகளை வெளியிட்டு, பாலியல் கொடுமை பற்றி அறியவரும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்றார். மறைமாவட்டந்தோறும் மக்கள் எளிதில் அணுகி முறையிட ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டார். 2023-இல் அவ்விதிகள் நிலையானவை ஆயின.

அந்த இளைஞனுக்குத் திமோத்தேயு மடலின் மூன்றாம் அதிகாரத்தைக் குறித்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அவன் வந்து, "ஐயா, இதன்படி பார்த்தால் நம் பங்கில் தேறுபவர் எத்தனை பேர்?" என்று கேட்டான். "முதலில் நான் தேறுவேனா என்று என் மனைவியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்கவும் செய்தேன். விருந்தோம்பலில் தேறுவேனாம், நிதானத்தில் சிறிது குறையாம், பிள்ளைகளைப் பற்றிய வினாவிற்கு அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள்.

பெயர்களை எழுதித் தருவதற்குக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை, அந்த மளிகைக் கடைக்குச் சென்றேன். இப்போது அவருக்கும் நரைத்துவிட்டது. மகன் கல்லாவில் இருக்கிறான். பேரவைக்கு ஆள் வேண்டும், உமக்குத் தெரிந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சற்று யோசித்து, தெருக்கோடியில் தையல் தொழில் செய்யும் ஓர் அம்மாளின் பெயரைச் சொன்னார். ஒன்றாம் தேதி தவறாமல் பாக்கியைத் தீர்ப்பவராம். கணவர் இறந்தபின் தம்மிடம் வேலை பழகும் பெண்கள் மூவருக்கும் தம் வீட்டிலேயே மதியச் சோறு போடுபவராம். எங்கள் கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதில்லை. பூசையில் பின்வரிசையில் நிற்பார் என்பது மட்டும் தெரியும். அப்பெயரைத் தாளில் எழுதி, கீழே என் கையொப்பமும் இட்டு, மறுநாள் காலையில் பங்குத் தந்தையிடம் கொடுத்து வந்தேன்.